கார்வர் லேண்டிங் அட்டைகள்

அக்டோபர் மாதத்துக் காலை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தை ஆற்றோரச் சாலையில் திருப்பிய வெர்னா குபிசெக், பேஸ்பால் மைதானத்து வாசலில் இரண்டு லாரிகள் நிற்பதைப் பார்த்தாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கினாள். உள்ளே நாலைந்து ஆட்கள் பார்வையாளர் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர் போர்டு ஏற்கெனவே தரையில் மல்லாந்து கிடந்தது. மட்டை பிடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தில் ஒரு குழி. மைதானத்தின் நடுவே, பந்து வீசுபவன் நிற்கும் மேட்டை ஒரு சின்ன இயந்திரம் வாய் வாயாக அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணையுமா எடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஓனர் சொல்லிட்டாரும்மா. இது விலை குடுத்து வாங்கின களிமண்ணாம். ஒரு கை கூட விடாதீங்கன்னாரு," என்றான் லாரிக்காரன். அவன் மேல் தப்பில்லை. கூலிக்கு வந்தவன்.

அந்த மேட்டைப் போட்டவன் வெர்னாவின் கணவன் ஹால். சம்பளம் வாங்காமல், கோடைக்குக் கோடை, விடியற்காலையில் வந்து தண்ணீர் தெளித்து, மட்டம் பார்த்து, இடித்து, சீவி வைப்பான்; ஒரு மனிதன் தன் வீட்டுத் தரையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான். ஆகஸ்டில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான். இந்த மைதானத்தில் ஆடிவந்த ரிவர் கிங்ஸ் அணியின் சொந்தக்காரன் ட்ரென்ட் பாஸ்கம் சாவுக்கு வந்து, சவப்பெட்டியில் கை வைத்து, ஊரார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "ஹால் போட்ட மேட்டை விட்டு என் டீம் ஓரடி நகராது."

மண் இன்னும் காயவில்லை அவன் கல்லறையில். அதற்குள் மேடே லாரி ஏறிவிட்டது.

மதியம் வெர்னா வால்ட் டுவோர்ஸ்கியின் இறைச்சிக் கடைக்குள் நுழைந்தபோது வானொலியில் பாஸ்கமின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆர்டன் சிட்டியில் புது ஸ்டேடியம் கட்டியிருக்கிறானாம். அணி இனி அங்கேதானாம். கார்வர் லேண்டிங் ஜனங்களுக்கு வருத்தமாக இருக்காதா என்று நிலையத்துக்காரர் கேட்டார். பாஸ்கம் சிரித்தான்.

"நல்ல ஜனங்கதாங்க. ஆனா அட்டை மாதிரி. ஓசி டிக்கெட், ஓசி பார்க்கிங், ஓசித் தொப்பி. ஒட்டிக்கிட்டு உறிஞ்சுவாங்க. நான் உதறிட்டு வந்துட்டேன், அவ்ளோதான்."

வால்ட் கொழுப்புக் கையோடு வானொலியை அணைத்தான். கடையில் அவனையும் வெர்னாவையும் தவிர இருந்தது ரோசலிண்ட் டீக் மட்டும்தான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அணியின் எல்லா ஆட்டங்களுக்கும் ஸ்கோர் எழுதியவள். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 

"அட்டையாம்ல நாம," என்றான் வால்ட். "பதினஞ்சு வருஷம் அவன் டீம் பசங்களுக்கு ஓசியா சாசேஜ் போட்டது நான். உறிஞ்சினது யாருன்னு கேக்கறேன்."

"மண்ணையும் எடுத்துட்டான்," என்றாள் வெர்னா.

"எந்த மண்ணை?"

"ஹாலோட மண்ணை."

வால்ட் கத்தியைக் கீழே வைத்தான். ரோசலிண்ட் கையிலிருந்த பொட்டலத்தை மேடைமேல் வைத்துவிட்டு, வெர்னாவின் தோளைத் தொடப் போனாள். வெர்னா விலகிக்கொண்டாள். அவளுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. ஹால் போன நாளிலிருந்து உடம்பு மரத்துப்போய்க் கிடந்தது. இப்போதுதான் முதல் தடவையாக உள்ளே ஏதோ சுட்டது. அந்தச் சூடு அவளுக்குப் பிடித்திருந்தது.

"நாமளே ஒரு டீம் ஆரம்பிப்போம்," என்றாள்.

"ஏண்டி, டீம்னா என்ன தேநீர் விருந்தா?" என்றாள் ரோசலிண்ட். "மைதானத்துல குழிதான் மிச்சம் இருக்கு."

"குழி இருக்குல்ல? அதுலேருந்து ஆரம்பிப்போம். அவன் இருக்கிற அதே லீக்ல. அவன் கண்ணு முன்னால."

"பேரு?" என்றான் வால்ட்.

"அதான் அவனே வச்சுட்டானே. அட்டைகள்."

வால்ட் முதலில் விழித்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "கார்வர் லேண்டிங் அட்டைகள்! யம்மா தாயே, உன்கிட்ட மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் வேலை செய்தது. ரோசலிண்டின் தம்பி தன் பண்ணை ஓடைக் கரையிலிருந்து களிமண் வெட்டிக் கொடுத்தான். மூடிக் கிடந்த லூத்தரன் தேவாலயத்திலிருந்து நீள பெஞ்சுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மைதானத்தில் போட்டார்கள். சாமி கும்பிட்ட பெஞ்சில் உட்கார்ந்து அம்பயரைத் திட்டினால் பாவம் சேராதா என்று யாரோ கேட்டதற்கு, "பாதி பேர் தேவாலயத்துலயே அதைத்தானே மனசுக்குள்ள பண்ணிட்டிருந்தீங்க," என்றான் வால்ட். பக்கத்து மாவட்டக் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த மார்வின் ஓக்ஸ் என்பவரைப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தாள் ரோசலிண்ட். அவர் தெரிந்த கல்லூரிகளுக்கெல்லாம் போன் போட்டுப் பையன்களைப் பிடித்தார். இந்தப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. கோடை விடுமுறையில் வந்து மர மட்டையால் ஆடுவார்கள். பெரிய அணிக்காரர்கள் கண்ணில் பட்டுவிடலாம் என்கிற ஆசை ஒன்றுதான் அவர்களுக்குக் கூலி.

லீக்கில் ஓர் அணி விலகியிருந்ததால் இடமும் காலியாக இருந்தது. சேர்ப்பதா வேண்டாமா என்று அணிச் சொந்தக்காரர்கள் ஓட்டுப் போட்டபோது, முதலில் கை தூக்கியவனே பாஸ்கம்தான். அட்டைகளை நசுக்குவது வேடிக்கையாக இருக்கும் என்று சொன்னானாம்.

அந்த வாரமே அவன் வெர்னாவுக்குப் போன் செய்தான்.

"வெர்னா, எப்படி இருக்கீங்க? டீம் எல்லாம் ஆரம்பிச்சிருக்கீங்களாம், பலே! ஒண்ணு கேக்கணும். பசங்க தங்கறதுக்கு வருஷா வருஷம் நீங்கதானே வீடு பாத்துக் குடுப்பீங்க? ஆர்டன் சிட்டியில எல்லாம் புது அபார்ட்மென்ட். ஒருத்தன் வீட்லயும் ஒரு அறை மிச்சம் இல்ல. பாலம் தாண்டினா பத்து நிமிஷம். வழக்கம்போல உங்க ஊர் வீடுகள்லயே போட்டுருவோமா? எவ்ளோ ஆனாலும் நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே?"

வெர்னா சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு மனிதனுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், பாதியில் நிறுத்தினாள். அவன் சொன்னது அப்போதுதான் முழுதாக மண்டையில் ஏறியது. புது ஸ்டேடியம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சாய்வு நாற்காலி இருக்கிறது. படுக்க ஒரு கட்டில் இல்லை.

"கவலையே படாதீங்க ட்ரென்ட்," என்றாள், தேன் சொட்டச் சொட்ட. "நான் பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் ரோசலிண்டைக் கூப்பிட்டுச் சொன்னாள். 

"பொய் சொல்லியிருக்க வெர்னா."

"பாத்துக்கறேன்னுதான் சொன்னேன். யாரைன்னு சொல்லலையே."

"அந்தப் பசங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"ஹால் என்ன பாவம் பண்ணான்?"

 ரோசலிண்ட் அதற்குமேல் தடுக்கவில்லை.

பையன்களைத் தங்க வைத்துப் பழகிய வீடுகள் ஊரில் முப்பதை ஒட்டி இருந்தன. வெர்னா ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். அட்டைகளுக்கு ஒரு பையன், முடிந்தால் இரண்டு. ரிவர் கிங்ஸுக்கு எவரும் இல்லை. தயங்கியவர்களிடம் ஒன்றும் வாதாடவில்லை. மேட்டை அள்ளிக்கொண்டு போன கதையை மட்டும் சொன்னாள். கேட்டவர்கள் சரி என்றார்கள். இன்னொன்றும் கேட்டுக்கொண்டாள்: மே மாதம் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த தெருவில் மருந்து சொல்லும் ஊர் அது. அந்த ஊர் அந்த வருஷம் வாயை இறுக மூடிக்கொண்டது. வெர்னா ராத்திரி நன்றாகத் தூங்கினாள். காலையில் பசித்தது. கண்ணாடியில் பார்த்தபோது முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. பழி ஒரு நல்ல சமையல்காரி என்று அவளுக்குத் தோன்றியது.

மே கடைசியில் பாஸ்கம் பேருந்துப் பணிமனைக்கே வந்துவிட்டான். வெர்னா வண்டிக்குள் இருக்கைகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, நாளைக்குப் பசங்க வர்றாங்க. வீட்டு விலாசம் ஒண்ணுகூட அனுப்பலையே நீங்க. போன் பண்ணா எடுக்கவும் மாட்டேங்கறீங்க."

"எந்தப் பசங்க?"

"என்ன கேள்வி இது? என் பசங்க!"

"ஐயையோ. எல்லாக் கட்டிலும் நிறைஞ்சுபோச்சே ட்ரென்ட்."

அவன் முகத்தில் சிரிப்பு நின்ற இடத்திலேயே உறைந்தது. "நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க."

"நீங்களும்தான் சொன்னீங்க. ஹால் பெட்டி மேல கை வச்சு."

பாஸ்கம் வண்டிப் படியைப் பிடித்துக்கொண்டான். கழுத்து சிவந்துவிட்டது. "அது தொழில் வெர்னா. அதையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது."

"மனசுல எங்க வச்சேன்? கட்டில்லதான் வச்சேன்."

"இருபத்தஞ்சு பசங்களை நான் எங்க கொண்டுபோய்ப் போடறது?"

"அந்த மண்ணு நிறைய இருக்குல்ல உங்ககிட்ட? விரிச்சுப் போடுங்க. மெத்தையாட்டம் இருக்கும். ஹால் பக்குவம் பண்ணின மண்ணு."

அவன் போன பிறகு அவள் துடைப்பத்தை நட்டுவைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கையில் அமர்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்படி ஒரு நிறைவு அவளுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அது ஒரு நாள்கூட நீடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாசல் கதவைத் திறந்தால் டெஸ்மண்ட் ப்ரூயிட் நிற்கிறான். அலபாமாக்காரன், நெட்டையன், இடது கையால் பந்து வீசுபவன். இரண்டு கோடை அவள் வீட்டுப் பின் அறையில் தங்கியவன். தினமும் ஹாலோடு போய் மேட்டைச் சீவுவான். ஹாலின் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவன்.

"வெர்னாம்மா!" என்று கட்டிக்கொண்டான். "அதே ரூம்தானே? போன வருஷம் தங்கின வீட்டுக்கே போயிடுங்கன்னாரு பாஸ்கம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா இங்க வந்துட்டேன். கோழி வாசனை தெருமுனை வரைக்கும் வருது."

உள்ளே சமையலறை மேசையில் அட்டைகள் அணிப் பையன்கள் இருவர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்மண்ட் அவள் தோளுக்கு மேலாக அவர்களைப் பார்த்தான்.

இவனை எப்படி மறந்தாள்? மறக்கவில்லை. கோடைக்கு முன்பே பாஸ்கமோடு ஒப்பந்தம் போட்டிருந்தான் என்று தெரியும். நினைக்காமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். இப்போது அவன் பையோடு வாசலில் நிற்கிறான். இவன் ஒருவனை உள்ளே விட்டால் என்ன என்று மனசு கேட்டது. இவனை விட்டால் மில்லர் தெருக்காரர்கள் தங்கள் பழைய பையனைக் கேட்பார்கள், அவர்களைப் பார்த்து இன்னொருவர் கேட்பார். விடிவதற்குள் பாதிக் கட்டில் பாஸ்கமுக்குப் போய்விடும்.

"இந்த வருஷம் இடமில்லப்பா," என்றாள். "நீ அவன் டீமு."

"நான் யார் டீமா இருந்தா என்ன? நான் டெஸ்மண்ட்மா."

"தெரியுது. இடமில்ல."

 அவன் குனிந்து பையை எடுத்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூட அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், உள்ளே வந்து மற்ற இருவருக்கும் கோழியைப் பரிமாறினாள். தான் சாப்பிடவில்லை.

பாஸ்கம் பையன்களை நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் ஓர் அறைக்கு நாலு பேராக அடைத்தான். காலையும் மாலையும் பெட்ரோல் பங்கில் விற்கிற ரொட்டிதான் ஆகாரம். இன்னொன்று அவன் கணக்கில் வராமல் போயிருந்தது. ஒரு பையன் ஒரு வீட்டில் தங்கினால் அந்த வீட்டு ஆச்சி முதல் அண்டை வீட்டுக்காரன் வரை மைதானத்துக்கு வருவார்கள், தங்கள் பிள்ளை ஆடுவதைப் பார்க்க. மோட்டலில் தங்கிய பையனுக்கு யார் வருவார்? ஆர்டன் சிட்டியின் புது நாற்காலிகள் வெயிலில் காய்ந்தன. பாலத்துக்கு இந்தப் பக்கம் தேவாலய பெஞ்சுகளில் இடம் கிடைக்காமல் ஜனங்கள் புல்லில் உட்கார்ந்தார்கள்.

அட்டைகள் நன்றாக ஆடினார்களா என்றால், இல்லை. ஒன்று ஜெயித்தால் இரண்டு தோற்றார்கள். ஜூன் கடைசியில் ரிவர் கிங்ஸ் முதல்முறையாக கார்வர் லேண்டிங்குக்கு ஆட வந்தபோது ஊரே திரண்டிருந்தது. பாஸ்கம் பேருந்தை விட்டு இறங்கவும் வால்ட் தலைமையில் பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் உதட்டைக் குவித்து உறிஞ்சும் சத்தம் எழுப்பினார்கள். வெர்னாவும் சேர்ந்து உறிஞ்சினாள். பிறகு டெஸ்மண்ட் மேட்டின் மேல் ஏறினான்.

ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் அவன் ஒருவனே வீசினான். அட்டைகளால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. அவன் கத்தவில்லை, முறைக்கவில்லை. மரம் வெட்டுகிறவன் மாதிரி ஒவ்வொருவனாக வெட்டிச் சாய்த்தான். பெஞ்சுகள் அடங்கிப்போயின. ஆட்டம் முடிந்து வெளியே போகையில் வேலியோரம் நின்ற வெர்னாவின் முன்னால் ஒரு கணம் நின்றான்.

"மேட்டுக்கு முன்பக்கம் சரிவு பத்தல, மிஸஸ் குபிசெக்," என்றான். "ஹால் இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு."

மிஸஸ் குபிசெக். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. தோல்வி அவளைத் தொடவில்லை. இந்தச் சொல் தொட்டது.

மறுநாள் தனியாகப் போய், மட்டப்பலகை வைத்துப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. தானே மண்வெட்டி எடுத்துச் சரிசெய்தாள்.

ஆகஸ்ட் வந்தது. மோட்டல் வாழ்க்கை அலுத்துப்போய் ரிவர் கிங்ஸ் பையன்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். ஒருவனுக்கு முழங்கை வலி, ஒருவனுக்கு அம்மா நினைப்பு. ஒருமுறை ஆள் பற்றாமல் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாவது முறை அப்படி நடந்தால் லீக்கை விட்டே வெளியேற வேண்டும் என்பது விதி. பருவத்தின் கடைசி ஆட்டம் ஆர்டன் சிட்டியில், அட்டைகளோடு. வெர்னாதான் பேருந்தை ஓட்டிக்கொண்டு போனாள்.

அங்கே போனால், ஒன்பது பேர் வேண்டிய ஆட்டத்துக்கு எதிரணியில் எட்டுப் பேர்தான் நிற்கிறார்கள். ஒன்பதாவது ஆள் காலையில் சொல்லாமல் கிளம்பிப் போயிருந்தான். அட்டைகள் சம்மதித்தால் அவர்களிடமிருந்தே ஓர் ஆளைக் கடன் வாங்கி ஆடலாம். பாஸ்கம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான்.

"வெர்னா, ஒரே ஒரு பையன். உங்க பெஞ்சுல சும்மாதானே உக்காந்திருக்காங்க. இதையும் விட்டா என் டீம் இன்னியோட முடிஞ்சுது."

வால்ட் அவளை ஓரமாக இழுத்தான். "குடுத்துடலாம். ஆடித் தோக்கடிப்போம். நாம ஆட வந்தோம்ல?"

"நான் ஆட வரல வால்ட்," என்றாள் வெர்னா.

"ரோசலிண்ட், நீயாவது சொல்லேன்!"

ரோசலிண்ட் வெர்னாவையே பார்த்தாள். "அவ புருஷனோட மண்ணு. அவ சொல்றதுதான்," என்றாள் மெல்ல.

வெர்னா திரும்பி பாஸ்கமின் கண்ணைப் பார்த்தாள். இதற்காகத்தான் பனியில் ஊரெல்லாம் நடந்தாள். "அட்டைங்க ஒட்டினா விடாதுங்க ட்ரென்ட். நீங்களே சொன்னீங்க. இல்ல."

அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காத்திருந்தார், இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு பந்துகூட வீசாமல் அட்டைகள் ஜெயித்தார்கள். யாரும் கைதட்டவில்லை. பாஸ்கம் தன் சாய்வு நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்து தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டான். வெர்னா அதை நன்றாக, முழுதாக, அவசரப்படாமல் பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

டெஸ்மண்ட் மட்டும் கையுறையைக் கழற்றாமல் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பெரிய அணியிலிருந்து ஒருவர் அன்று அவனைப் பார்க்க வந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெர்னா அவனிடம் நடந்து போனாள். 

"பஸ் ஸ்டேஷன் போகணுமா? நான் கொண்டுபோய் விடறேன்."

அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "டாக்ஸி வரும்."

"டெஸ்மண்ட். பாஸ்கமுக்குப் பண்ணினதுக்கு நான் வருத்தப்படல. படவும் மாட்டேன். உனக்குப் பண்ணினது வேற. அது தப்பு."

"தப்புன்னு தெரிஞ்சேதானே பண்ணீங்க?"

"ஆமா."

அவன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தான்.  "என்ன இருக்கு வண்டியில சாப்பிட?" என்றான் கடைசியில்.

"வால்ட் சாசேஜ் கொண்டு வந்திருக்கான்."

பள்ளிப் பேருந்தின் முன் இருக்கையில் நெட்டைக் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, வால்ட் கொடுத்ததை ஒன்றுக்கு மூன்றாகத் தின்றான். நிலையத்தில் இறங்கும்போது எல்லோருக்கும் கை கொடுத்தான், அவளுக்கும் கொடுத்தான். அடுத்த கோடையில் அறை காலியாக இருக்கும் என்றாள். வேறு மாநிலத்து அணிக்கு ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னான். அம்மா என்றும் கூப்பிடவில்லை, மிஸஸ் என்றும் கூப்பிடவில்லை.

ரிவர் கிங்ஸ் அதோடு தீர்ந்தது. அட்டைகள் அடுத்த வருஷமும் ஆடினார்கள், ஐந்தாவதாக வந்தார்கள். ஆர்டன் சிட்டி ஸ்டேடியத்தில் இப்போது பழைய கார் ஏலம் விடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை வால்டையும் ரோசலிண்டையும் கூட்டிக்கொண்டு வெர்னா அங்கே போனாள். முதல் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, பெரிய பொட்டலம் பாப்கார்ன் வாங்கி, ஏலம் முடியும்வரை ஒவ்வொன்றாகக் கொறித்தாள். கார் எதுவும் வாங்கவில்லை.